நான்கு பெட்டிச் சொல்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாடகைக்குக் கிடைத்திருக்கும் அறை, வார நாட்களில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் டிராமா வகுப்பறை. கூரையில் விளக்குகள், மூலையில் கறுப்புத் திரை, சுவரில் ஷேக்ஸ்பியர். என்னிடம் படிக்கும் 14 பேரில் பாதிப் பேர் டிராமாவை ஒரு பாடமாக எடுத்தவர்கள். கியூ, ப்ராப்ஸ், ப்ராம்ப்ட் என்று வாய் ஓயாமல் கதைப்பார்கள். "இதுக்கெல்லாம் தமிழில என்ன சொல்?" என்று ஒருநாள் கேட்டேன். அப்படி ஒரு அமைதியை அந்த வகுப்பில் நான் அதற்கு முன் கண்டதில்லை. கடைசியில் ஒருத்தி கையைத் தூக்கி, "அரங்கேற்றம்?" என்றாள்.

நியாயம்தான். இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு அரங்கேற்றம் தெரியாமல் இருக்குமா? மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, 300 பேருக்குச் சாப்பாடு போட்ட எத்தனை அரங்கேற்றங்களுக்குப் போயிருப்போம்! ஆனால் நாடகச் சொல் என்றால் அந்த ஒன்றோடு எல்லாருக்கும் முடிந்துபோனது. எனக்கும் அதிகம் தெரியாது என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த கிழமைக்கு ஒரு குறுக்கெழுத்து செய்தேன். பெயர்தான் குறுக்கெழுத்து, ஆனால் இந்த விளையாட்டு பிறந்தது ஆங்கிலத்தில். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்டது முதலாவது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி. அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. நான் வார நாட்களில் மென்பொருள் ஆலோசகர் என்பதால், கையால் கட்டம் போடச் சோம்பல்பட்டு ஒரு சிறு நிரல் எழுதினேன். 'கூத்தாடி' என்ற சொல்லுக்கு அது எட்டுப் பெட்டி போட்டது! யூனிகோடில் அந்தச் சொல் எட்டுத் துண்டுகள்: க, அதன் ஊகாரக் குறி, த, புள்ளி, மறுபடி த, கால், ட, இகர விசிறி. கணினிக்குப் புள்ளியும் காலும் தனித்தனி ஆட்கள். ஆனால் எந்த அம்மம்மாவிடம் கேட்டாலும் விரலை மடக்கி கூ, த், தா, டி என்று நான்குதான் எண்ணுவார். 247 எழுத்து என்று நமக்குச் சொல்லித் தந்த கணக்கு அது. நிரலைத் திருத்தினேன். அப்போது அந்த நான்கு பெட்டியால் வேறு வில்லங்கம் வரும் என்று எனக்குத் தெரியாது.

முதலில் நன்றாகப் போன பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறிப்பு: 'திரைக்குப் பழைய பெயர், மூன்று எழுத்து'. விடை, எழினி. யாரும் கேள்விப்பட்டதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி முதன்முதல் மேடை ஏறும் பகுதிக்குப் பெயர் அரங்கேற்று காதை. நம் 'அரங்கேற்றம்' அங்கிருந்தே வருகிறது. அந்தப் பகுதியில் இளங்கோவடிகள் மேடைக்கு அளவு கொடுக்கிறார். என் போன்ற பொறியியல் படித்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? மூங்கிலில் 24 விரல் அளவுக்கு ஒரு கோல் வெட்ட வேண்டும். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைத் தளத்திலிருந்து மேலே இருக்கும் உத்தரப் பலகைக்கு நான்கு கோல். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும். திரை மூன்று வகை: ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

ஒரு பெருவிரலின் அகலம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கோல் இரண்டு அடி. மேடை 14 அடிக்கு 16 அடி. பிள்ளைகள் தரையில் வெள்ளை டேப் ஒட்டி அளந்தார்கள். அறைக்குள் சரியாக அடங்கியது. டிராமா படிக்கும் ஒரு பையன் கூரையைப் பார்த்து, "நிழல் விழாம லைட் வைக்கிறது எங்களுக்கும் முதல் பாடம் அண்ணா" என்றான். மாதவிக்கு அப்போது 12 வயது என்றதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயிற்சி. ஆடி முடித்ததும் அரசன் தலைக்கோலி என்ற பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் கொடுத்தான். தங்கத்தின் இன்றைய விலையில் அது எத்தனை பவுண் என்று ஃபோனில் தட்டிப் பார்க்கத் தொடங்கியவர்களை மறுபடி பாடத்துக்குக் கொண்டுவர எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவியின் தாய் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கோபமாக இல்லை, சங்கடமாக நின்றார். "தம்பி, குறை நினையாதேங்கோ. இந்தச் சொல்லையோ பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியள்? இது ஏச்சு. எங்கட வீட்டில இந்தச் சொல்லுக்கு அடி விழும்." விரல் வைத்திருந்த இடம் குறுக்காக 11. 'கூத்து ஆடுபவர், நான்கு எழுத்து'.

நான் மன்னிப்புக் கேட்டு, அடுத்த கிழமை அதை எடுத்துவிட்டு விறலி என்ற சொல்லைப் போட்டேன். விறலி என்றால் பாட்டின் பொருளை உடலாலும் முகத்தாலும் காட்டி ஆடும் பெண். சங்கப் பாடல்களில் வருபவள், சண்டைக்கு வராதவள். ஆனால் 13 வயதுக்காரர்களிடம் ஒன்றையும் மறைக்க முடியாது. "கூத்து எண்டால் டான்ஸ். ஆடி எண்டால் ஆடுறவர். இதில என்ன கெட்டது? ஏன் எடுத்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் சில மாதம் வாசித்தேன். இந்தக் கட்டுரையும் அதனால்தான்.

கூத்தர் என்ற சொல் பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. மலைபடுகடாம் என்ற நூலுக்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தர், வழியில் காணும் இன்னொரு கூத்தருக்கு "இந்த வழியால் போ, அந்த மன்னன் தருவான்" என்று சொல்வது அதன் அமைப்பு. அந்தக் காலத்தில் கலைஞர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வழி சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணமே பசிதான். ஆனாலும் மன்னன் முன்னால் போய் நிற்கக்கூடிய ஆட்கள் அவர்கள். அவர்களின் பெயரால் ஒரு நூலை அழைக்க யாரும் கூசவில்லை. வள்ளுவரும் கூத்து நடக்கும் அவையை உவமையாக எடுக்கிறார்: செல்வம் வருவது அங்கே கூட்டம் சேர்வதுபோல, போவது அந்தக் கூட்டம் கலைவதுபோல. கூத்து பார்த்துப் பழகிய ஊருக்குத்தான் அந்த உவமை விளங்கும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னும் உறுதியான சான்று உண்டு. சாக்கைக் கூத்து ஆடியவர்களுக்குக் கோயில்கள் நிலம் விட்டன; அந்த நிலத்துக்குச் சாக்கைக் காணி என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேசுவர நாடகம் என்ற ஒன்றை ஆண்டுதோறும் நடத்த ஒரு சாந்திக்கூத்தனுக்கு நெல் கொடுக்கும்படி 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கூத்தன் என்பது அங்கே வேலையின் பெயர். சம்பளம் உள்ள, மரியாதையான வேலை. அந்த நாடகத்தின் ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. நெல் கணக்கு கல்லில் இருந்ததால் பிழைத்தது, நாடகம் ஓலையில் இருந்ததால் போய்விட்டது!

பிறகு எப்படி ஏச்சாயிற்று? ஒரு நாளில் ஆகவில்லை. நான் வாசித்தவரை, 19ஆம் நூற்றாண்டில்தான் அந்தச் சறுக்கல் வேகமெடுக்கிறது. பழைய ஆதரவு போகப்போக, கூத்து கிராமத்து உழைக்கும் மக்களின் கையில் தங்கியது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் இரவிரவாக ஆடியவர்களில் பலர் சாதியின் பெயரால் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள். அதே காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒரு கூட்டம் உருவானது. பாட்டு, ஆட்டம், வேஷம் எல்லாம் அவர்களுக்கு நாகரிகக் குறைவாகத் தெரிந்தன. 1876இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் நாடகத் தடைச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. அரசுக்கு எதிரானது, ஒழுக்கத்துக்கு எதிரானது என்று தோன்றும் எந்த நாடகத்தையும் அதைக் காட்டித் தடுக்கலாம். ஆட்டக்காரன் என்றாலே கண்காணிக்க வேண்டிய ஆள் என்று ஆனது.

இந்த இடத்தில் பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எனக்கே இரண்டு மனம். படித்தவர், வழக்கறிஞர், பிறகு நீதிபதி. இளவயதில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு. 1891இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழு ஒன்றைப் பார்த்ததும் மனம் மாறியது. அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலும் டாக்டரும் அரிதாரம் பூசி மேடையேறலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை என்று காட்டியது அவருடைய பெரிய சாதனை. 90க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவர் வழியைப் பின்பற்றி ஈழத்தில் கலையரசு சொர்ணலிங்கம் படித்தவர்களை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கம்பெனி நாடகக்காரர்களிடமிருந்தும் கிராமத்து ஆட்டக்காரர்களிடமிருந்தும் தங்களைப் பிரித்துக் காட்டித்தான் சபைக்காரர்கள் மரியாதை தேடினார்கள். 'நாடகம்', 'நடிகர்' என்ற சொற்கள் சபைக்கு வந்தன. 'கூத்து', 'கூத்தாடி' என்ற சொற்கள் வெளியே, பனிக்குள் நின்றன.

(அரிதாரம் என்று மேலே எழுதினேன். அது மேக்கப்புக்குப் பொதுப் பெயராகிவிட்டது, ஆனால் உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமம். வேதியியல் படிப்பவர்களுக்கு: ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. ஆம், விஷம். அதை முகத்தில் பூசிக்கொண்டுதான் நம் ஆட்கள் ராஜாவானார்கள்.)

வெளியே நின்றவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். அப்படியான பாய்ஸ் கம்பெனிகளில் பாடம் சொல்லித் தருபவர் வாத்தியார். அரச வேடம் ராஜபார்ட். பெண் வேடம் ஸ்திரீபார்ட். திருடன் வேடம் கள்ளபார்ட். சிரிக்க வைப்பவன் பபூன். தமிழும் சம்ஸ்கிருதமும் ஆங்கிலமும் ஒரே சொல்லுக்குள் படுத்துத் தூங்குகின்றன. திரைக்குப் படுதா என்றார்கள். அது பாரசீகத்துப் 'பர்தா', வட இந்தியா வழியாக வந்தது. என் வகுப்பில் மிகப் பிடித்த சொல் கள்ளபார்ட். இப்போது யார் வீட்டுப் பாடம் செய்யாமல் வந்தாலும் அவனுக்கு அதுதான் பெயர்.

அந்த உலகத்தில் சிவகாசிக்காரர் விசுவநாததாஸ் என்றொருவர் இருந்தார். புராண நாடகத்துக்கு நடுவில் சுதந்திரப் பாட்டு பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். முடி திருத்தும் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். 1940இல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அரசுக்கு அவர் குற்றவாளி, ஊருக்குக் கூத்தாடி.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் அம்மம்மாவோடு ஃபோனில் கதைத்தேன். அவருக்கு 86 வயது. "கூத்தாடி எண்டால் ஏன் அம்மம்மா ஏச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "என்ர பெரியண்ணை காத்தவராயன் கூத்தில ஆரியமாலைக்கு ஆடினவர்" என்றார்.

எனக்கு அவரைத் தெரியும். அதாவது, கொழும்பில் கடையில் வேலை செய்து இளவயதில் இறந்தவர் என்று தெரியும். கடை உண்மைதான். ஆனால் ஆடி, ஆவணி என்றால் ஊருக்கு வந்துவிடுவாராம். அம்மன் கோவிலடியில் இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். அம்மம்மா சின்னப் பிள்ளையாக முன்வரிசையில் பாயில் இருந்து, சேலை கட்டி வந்தது அண்ணை என்று தெரியாமல் அழுதிருக்கிறார். அம்மம்மாவுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார், "பொம்பிளையின்ர தமையன் கூத்தாடியாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. சலங்கையை யாருக்கோ கொடுத்துவிட்டார். வீட்டில் அந்தக் கதை நிறுத்தப்பட்டது. என் அம்மாவுக்கே தெரியாது. "அவர் ஆடினது எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது" என்றார் அம்மம்மா. எழுபது ஆண்டுக்கு மேல் யாருக்கும் சொல்லாத ஒன்றை ஒரு குறுக்கெழுத்துக்காகச் சொன்னார்.

அந்தக் கலியாணப் பேச்சு நடந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். பெயர் சு. வித்தியானந்தன். இங்கே லண்டனில், 1950இல், பத்துப்பாட்டைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிப் போனவர். 1960களில் அவர் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்துக் கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். பல்கலைக்கழகத்துப் பெடியன்கள் சலங்கை கட்டி ஆடுவதைப் பார்த்த பிறகுதான் பல படித்த வீடுகளில் கூத்து என்ற சொல் முணுமுணுப்பில்லாமல் உள்ளே வந்தது. இரவு முழுக்க ஆடுவதை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கியதும், ஆட்கள் சுற்றி இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்கு மாற்றியதும் சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சுருக்காமல் விட்டிருந்தால் நான் முழுக்க இருந்து பார்த்திருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, பள்ளியில் உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைப் போட்டார். நவீன சிங்கள நாடகத்தின் தொடக்கம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட வடிவத்தின் பெயர் நாடகம. தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போன வடிவம் அது, பெயரும் நம்முடையது. நாம் ஏச்சாக வைத்திருந்ததை அயல்வீட்டார் தூசு தட்டி எடுத்து மாலை போட்டுவிட்டார்கள்.

மட்டக்களப்புக் கூத்தில் பழக்கும் ஆசான் அண்ணாவியார். ஆடும் இடம் களரி. பழகத் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டு எழுதிக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். பழகி முடியும் கட்டத்தில் சதங்கை அணி விழா. கடைசியில் வருவது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அரங்கேற்றம். மண்டபமும் அழைப்பிதழும் இல்லாத, ஊரே வந்து பாயில் இருக்கும் அரங்கேற்றம்.

இரண்டாவது புதிருக்கு இந்தச் சொற்களையெல்லாம் போட்டேன். அதிலும் சண்டை வந்தது, ஆனால் நல்ல சண்டை. அரசன் வருகையை அறிவித்து, நடுவில் பகிடியும் விடுபவனுக்கு ஏழு பெட்டி கொடுத்திருந்தேன்: கட்டியகாரன். விழுப்புரம் பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எட்டு எழுத்தில் எழுதி வந்து நின்றாள்: கட்டியங்காரன். அவளுடைய தாத்தா தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். இருவர் திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னாலிருந்து வேடக்காரர் பாடிக்கொண்டே வெளிப்படுவதை நடித்தே காட்டினாராம். நாடகத்தை இயக்குபவருக்கு நான் போட்டது நெறியாளர், ஐந்து பெட்டி. அவள் வீட்டில் இயக்குநர், ஆறு. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக இருப்பதால் நெறியாள்கை, காட்சி விதானிப்பு என்று அங்கே ஒரு சொற்கூட்டம் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் வேறு கூட்டம். இரண்டுக்கும் இடம் விட்டுக் கட்டம் போடுவது எந்த நிரலாலும் முடியவில்லை; கையால்தான் போட்டேன்.

குறுக்காக 11இல் பழைய சொல்லைத் திரும்ப வைத்தேன். வைக்கும் முன் அந்தத் தாயைக் கூப்பிட்டு, அம்மம்மாவின் அண்ணையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட ஊரிலயும் இருந்தவை" என்று மட்டும் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் அந்த நான்கு பெட்டியையும் நிரப்பிக் கொண்டுவந்தாள். குறிப்பு இப்போது இப்படி: 'விடியும்வரை ஆடியவர். ஏச்சல்ல. நான்கு எழுத்து'.

அம்மம்மாவுக்கும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு விடை பிழை என்று அன்றிரவே அழைப்பு வந்தது. ஆடுபவர் பாட்டை மறந்தால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பவருக்கு நான் எங்கிருந்தோ ஒரு அகராதிச் சொல்லைப் பிடித்துப் போட்டிருந்தேன். "அப்பிடி ஒருத்தரும் சொல்றேல்லை. அவர் கொப்பி பார்க்கிறவர்" என்றார். ப்ராம்ப்டுக்குத் தமிழ் கேட்டு அமைதியாகிப் போன வகுப்புக்கு அடுத்த சனிக்கிழமை அதுதான் முதல் சொல். எத்தனை பெட்டி என்று நீங்களும் எண்ணிப் பாருங்கள்.